விழாவறை காதையும் ஐயாற்று இசைவிழாவும்

முன்னுரை

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எடுக்கப்பெறும் இசைவிழாக்களுள் திருவையாற்றில் நிகழும் தியாகராசர் ஆராதனை பெரும்புகழ் வாய்ந்தது. காவிரிக்கரையில் அமைந்த ஒரு சிற்றூரை நோக்கி நாட்டின் பல பகுதிகளினின்றும் இசைவல்லார் திரண்டு வருகின்றனர். அவ்விழாவைப் பற்றி இருவகைக் கருத்துகள் நம்மிடையே வழங்குகின்றன. சாதி, பால், தகுதி என்னும் வேறுபாடின்றி எல்லாரும் ஒருங்கமர்ந்து பாடும் மக்கள் விழா அது என்பர் ஒரு சாரார். தமிழ் மண்ணில் நிகழினும் தமிழுக்கும் தமிழ் மக்களுக்கும் உரிய இடந்தராத ஒரு குழுவினரின் விழா அது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் விழாவின் இன்றைய தோற்றத்தையோ, அதன் வரலாற்றில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையோ மட்டும் நோக்கி எழுந்தவை. விழா எவ்வாறு தொடங்கிற்று, யார் யாரை உள்ளே விட்டது, யார் யாரைப் புறத்தே நிறுத்திற்று, புறத்தே நின்றோர் எவ்வாறு உள்ளே வந்தனர் என்பவற்றை முறையாக ஆராய்ந்த பின்னரே அதன் தன்மையை அறுதியிட்டுக் கூறல் இயலும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றை மதிப்பிட வேண்டுமாயின் அதற்கொரு அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை நாம் பிறநாட்டு நூல்களில் தேட வேண்டுவதில்லை. ஓர் ஊர் விழா எவ்வாறு தொடங்கப்பெறல் வேண்டும் என்பதனை மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

விழாவறை காதை தரும் அளவுகோல்

அகத்தியர் சொற்படி தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் இந்திரவிழாவைத் தோற்றுவித்தான் என்றும், அவ்விழா 28 நாள் நிகழ்வது என்றும் சாத்தனார் கூறுகின்றார். எனினும் அவர் மன்னன் பெருமையை விரித்துரைப்பதில் பொழுதைப் போக்கவில்லை. விழா எடுப்பதென்று முடிவு செய்த அவையையே அவர் முதற்கண் நமக்குக் காட்டுகின்றார். சமயக் கணக்கரும், காலக் கணிதரும், வேற்றுமொழி பேசுவோராய் அந்நகரில் வந்து தங்கியோரும், ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் அவ்வவையில் ஒருங்கு கூடியுள்ளனர். முடிவு செய்தவர் பலர். அவருள் அயன்மொழியாளரும் அடங்குவர். இஃது ஊன்றி நோக்கத்தக்கது.

அடுத்து, வச்சிரக் கோட்டத்து முரசினை யானையின் பிடர்மேல் ஏற்றி, முதுகுடிப் பிறந்தோன் ஒருவன் விழாவினை அறிவிக்கின்றான். அவன் கூறுவனவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். தெருக்களில் வாழையும் கமுகும் கரும்பும் நடுதல், பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புதல், கொடி உயர்த்தல் முதலிய தொழில்களை ஊரார்க்கு வகுத்துத் தருதல் முதலாவது. நுதல்விழி நாட்டத்து இறையோன் முதலாகச் சதுக்கத்துத் தெய்வம் ஈறாக எல்லாவற்றிற்கும் உரிய சிறப்பினைச் செய்யுமாறு பணித்தல் இரண்டாவது. நல்லுரை நவில்வோர்க்கும் சமயவாதம் புரிவோர்க்கும் உரிய இடங்களை ஒதுக்குதல் மூன்றாவது. பகைவரோடும் சினங்கொள்ளாது, பூசல் விளையுமிடத்தினின்றும் விலகி நிற்குமாறு வேண்டுதல் நான்காவது. தொழில், சிறப்பு, இடம், பூசலின்மை ஆகிய இந்நான்கும் பொருந்திய வழியே ஒரு நிகழ்ச்சி விழாவாகின்றது என்பது அக்காதையினால் நாம் பெறும் கருத்தாகும்.

இதனையடுத்து வரும் ஊரலர் உரைத்த காதை மேலும் ஒன்றை உணர்த்துகின்றது. மாதவியும் அவள் மகளும் விழாவிற்கு வாராமை கண்டு ஊரார் அலர் தூற்றுகின்றனர். சித்திராபதி வருந்துகின்றாள், வயந்தமாலை தூது செல்கின்றாள். ஆடல் மகள் ஒருத்தி வாராவிடின் விழா குறைவுபடும் என்று அந்நகர் கருதிற்று. குலவழக்கினால் மாதவியின்மேல் சுமத்தப்பட்ட கடமை அது என்பதையும், அக்கடமையை அவள் துறந்தது அவளது உயர்வே என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் கலைமகளிர் இன்றி விழா நிறைவுறாது என்னும் எண்ணம் அக்கால மக்கட்கு இருந்தமை தெளிவு. இதனை நினைவிற் கொண்டு திருவையாற்றை நோக்குவோம்.

ஊர் முன்னரே விழா அறிந்தது

திருவையாறு விழா அறியாத ஊரன்று. தேவார மூவரும் பாடிய திருப்பதி அது. திருநாவுக்கரசர் கயிலைக் காட்சி கண்ட இடமெனப் பெரியபுராணம் போற்றும் பெருமையும் அதற்குண்டு. சித்திரைத் திங்களில் அங்கு நிகழும் ஏழூர்த் திருவிழா, பல ஊர்கள் கூடி ஒரு விழாவை எடுப்பதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். ஐயாறப்பர் எழுந்தருளும் பல்லக்குத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களுக்குச் செல்கின்றது. அவ்வவ்வூர் இறைவரின் பல்லக்குகளும் உடன்சேர்ந்து இறுதியில் ஐயாற்றை அடைகின்றன. இதன்கண் ஒவ்வோர் ஊரும் ஒருபால் விருந்தோம்பும் ஊராகவும் ஒருபால் விருந்துண்ணும் ஊராகவும் விளங்குகின்றது. விழாவறை காதை வகுத்த தொழிலும் இடமும் ஈண்டு ஊரார்க்கு இயல்பாகவே அமைந்துள்ளன.

ஆராதனையோ இவ்வாறு ஊரினின்றும் முளைத்ததன்று. ஆசிரியரை இழந்த மாணாக்கர் அவர்க்கு ஆண்டுதோறும் செய்த வழிபாட்டினின்றும் அது வளர்ந்தது. இவ்வேறுபாட்டை உணராமல் அவ்விழாவின் பிற்கால வரலாற்றை விளங்கிக் கொள்ளல் அரிது.

மாணாக்கர் வழிபாடு

தியாகராசர் 1767-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார், திருவையாற்றில் வாழ்ந்தார், 1847-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று மறைந்தார். இறுதியில் துறவு பூண்டமையின் அவர் திருமேனி காவிரிக்கரையில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர்தம் பாடல்கள் உமையாள்புரம், தில்லைத்தானம், வாலாசாப்பேட்டை ஆகிய ஊர்களைச் சார்ந்த மாணாக்கர் வழியாக மூன்று மரபுகளாய்ப் பரவின. ஆண்டு நாளினை மாணாக்கர் தத்தம் இருப்பிடங்களிலேயே போற்றி வந்தனர். சமாதியோ கவனிப்பாரற்றுச் சிதைந்தது. 1903-ஆம் ஆண்டில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைச் செப்பனிட்டனர்.

ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் அவ்விடம் போற்றப்படாது கிடந்ததற்குக் காரணம் யாது? பாடலைக் காப்பதே ஆசிரியரைக் காப்பதாகும் என்று மாணாக்கர் எண்ணினர் போலும். பாடல் நாவில் வாழ்வது. அதற்கு ஊர் வேண்டுவதில்லை. இடத்தைப் போற்றும் எண்ணம், மாணாக்கர் பரம்பரை விரிந்து ஒருவரையொருவர் அறியாத அளவுக்குப் பெருகிய பின்னரே தோன்றக் கூடியது. பிரிந்து சென்றோர்க்கு மீண்டும் கூடுதற்கு ஓரிடம் தேவையாயிற்று. அத்தேவையினின்றே பொதுவிழா பிறந்தது என்று நாம் கருதுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அவ்விழாவினைப் பலரறியத் தொடங்கியவர்கள் தில்லைத்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் உடன்பிறந்தாராகிய பஞ்சு பாகவதரும் ஆவர். தில்லைத்தானம் என்பது ஏழூருள் ஒன்றாகிய திருநெய்த்தானமே. நரசிம்ம பாகவதர் தியாகராசரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1908-இல் நூலாகவும் வெளியிட்டார். விழாத் தொடங்கியவர் பதிப்பாசிரியராகவும் விளங்கினார் என்பதனைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். பாடல்களைத் தொகுத்து நிலைபெறச் செய்தலும், பாடுவோரைத் தொகுத்து ஓரிடத்தில் கூட்டுதலும் ஒரே நோக்கத்தின் இரு செயல்களாக அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

இரு கட்சிகள்

தொடங்கிய சில ஆண்டுகளிலேயே விழா இரண்டாகப் பிரிந்தது. பெரிய கட்சி என்றும் சின்னக் கட்சி என்றும் அவை வழங்கலாயின. ஒரு கட்சியார் ஐந்து நாள் முன்னரே தொடங்கிப் பஞ்சமி நாளில் முடித்தனர். மற்றவர் பஞ்சமி நாளில் தொடங்கி அடுத்து வரும் நாள்களில் நடத்தினர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெரும் வயலின் வல்லார் இக்கட்சி வரலாற்றில் முன்னின்றனர்.

இப்பிரிவினைத் தனிப்பட்டோரின் பொறாமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மாணாக்கர் வழிபாட்டின் இயல்பிலேயே அதற்கு இடமிருந்தது. கோயில் விழாவில் முதன்மை யார்க்கு உரியது என்பது வழிவழி வந்த வழக்கினால் அறுதியிடப்பட்டிருக்கும். ஆசிரியர்க்குச் செய்யும் வழிபாட்டிலோ, நேர்மாணாக்கர் மறைந்த பின்னர், ‘யாமே உண்மை வழியினர்’ என்று ஒவ்வொரு மரபினரும் கூறுதல் இயலும். பாடுவோர் பலராகவும் மேடை ஒன்றாகவும் இருப்பின், முதலில் பாடுவார் யார், பின்னர்ப் பாடுவார் யார், யாருக்குப் பக்க இசை யார் என்னும் வினாக்கள் எழாமற் போகா. விழாவறை காதை பூசலை விலக்குமாறு வேண்டியதோடு அமையவில்லை. ஒவ்வொருவர்க்கும் உரிய இடத்தையும் முன்னரே வகுத்துத் தந்தது. இடம் வகுக்கப்படாத விழாவில் பூசலை விலக்குதல் இயலாது என்பதற்குத் திருவையாறு சான்றாயிற்று.

எனினும் ஒரு செய்தியில் இரு கட்சியாரும் வேறுபடவில்லை. பெண்கள் அங்குப் பாடலாகாது என்பதே அது.

நாகரத்தினம்மாள்: பதிப்பும் விழாவும்

இந்நிலையை மாற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். மைசூர்ப் பகுதியில் நஞ்சன்கூட்டில் 1878-ஆம் ஆண்டில் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற பாடகியாய் விளங்கிய இவ்வம்மையார் தேவதாசி மரபினர். சமாதி மீண்டும் சிதைந்து கிடத்தலை அறிந்து, அந்நிலத்தைப் பெற்று, 1921-இல் திருப்பணி தொடங்கி, 1925-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் குடமுழுக்குச் செய்வித்தார். அதற்குத் தாம் ஈட்டிய பொருளைச் செலவிட்டார். திருவையாற்றிலேயே வந்து தங்கினார். கோயில் எடுப்பித்தவர் அவர். ஆயினும் அக்கோயில்முன் பாடும் உரிமை அவர்க்கு மறுக்கப்பட்டது. 1927-இல் அவர் மகளிரைக் கூட்டிச் சமாதியின் பின்புறத்தே தனியாக இசைவழிபாடு நடத்தினார். இதனைப் பெண்கள் கட்சி என்றனர். ஒரு விழா மூன்றாயிற்று.

வி. ஸ்ரீராம் 2007-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாகரத்தினம்மாள் வரலாறு இச்செய்திகளை விரிவாகத் தந்துள்ளது. இவ்வரலாற்றை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அம்மையாரின் பக்தியையும் கொடையையுமே வியந்து போற்றுகின்றனர். அவை போற்றத்தக்கனவே. ஆயினும் அவர்தம் இலக்கியப் பணியினின்றும் இதனைப் பிரித்து நோக்குதல் குறைபாடுடையது என்பது நம் கருத்து. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் தெலுங்கில் இயற்றிய ராதிகா சாந்த்வனம் என்னும் காப்பியத்தை 1910-இல் பதிப்பித்தவர் இவரே. அதற்கு முன்னர் 1887-இல் வெளிவந்த பதிப்பில் நூலின் முகவுரைப் பகுதியும் சில செய்யுள்களும் விடப்பட்டிருந்தன. புலவர் தம் வரலாற்றையும் தம் குலத்துப் பெண்களின் புலமையையும் எடுத்துரைத்த இடம் அம்முகவுரையே. அதுவே விடப்பட்டது. ஏட்டுச் சுவடியினை ஒப்புநோக்கி, விடுபட்டனவற்றை எல்லாம் சேர்த்து முழுநூலாக வெளியிட்டார் நாகரத்தினம்மாள். அந்நூல் ஒழுக்கக்கேடானது எனக் குற்றஞ்சாட்டப்பெற்று அரசினரால் தடை செய்யப்பட்டது.

இவ்விரு செயல்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். நூலினின்றும் ஒரு பெண்ணின் சொல் நீக்கப்பட்டிருந்தது. அதனை அவர் மீட்டார். விழாவினின்றும் பெண்களின் குரல் நீக்கப்பட்டிருந்தது. அதனையும் அவர் மீட்டார். இரண்டிடத்தும் அவர் புதிதாக ஒன்றைப் படைத்துச் சேர்த்ததாகக் கூறவில்லை. உள்ளதாயிருக்க வேண்டியது விடுபட்டது என்றே கூறினார். பதிப்பாசிரியர்க்குரிய மனநிலை இதுவாகும். மணிமேகலையில் ஆடல் மகள் வாராமையை ஊர் குறையாகக் கண்டது. திருவையாற்றிலோ இசைமகள் வந்து நின்றும் இடமில்லை என்றனர். அக்குறையை ஊர் காணாத காலத்தில், புறத்தே நிறுத்தப்பட்ட அம்மையாரே கண்டு நிறைவு செய்தார். ஆதலின் அவரை விழாவின் புரவலர் என்பதினும், விழாவின் மூலபாடத்தைச் செப்பஞ்செய்தவர் என்பது மிகப் பொருத்தமாகும்.

ஐந்து பாடல்களும் ஒரு தீர்வும்

1940-41-ஆம் ஆண்டுகளில் மூன்று கட்சியாரும் ஒன்றுபட்டனர். தியாகப்பிரம்ம மகோற்சவ சபை என்னும் ஒரே அமைப்பின்கீழ் விழா நிகழத் தொடங்கிற்று. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் கூடிப் பாடும் வழக்கம் அக்காலத்தையொட்டியே நிலைபெற்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் ஆகிய ஐந்திலும் அமைந்த இக்கீர்த்தனைகளுள் முதலாவது வடமொழியிலும் ஏனைய நான்கும் தெலுங்கிலும் ஆனவை.

இவ்வைந்தினையும் தேர்ந்தது அவற்றின் சிறப்பினால் மட்டும் அன்று; அவற்றின் அமைப்பு ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்கு ஏற்றதாயிருந்தமையும் காரணமாகும் என்பதை இசையறிஞர் போதிய அளவு எடுத்துரைத்தாரில்லை. தனிக் கச்சேரியில் இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றால் ஒருவர் தம் புலமையைக் காட்டுவர்; அதனால் உயர்வு தாழ்வு தோன்றும். பஞ்சரத்தினமோ சுரமும் அதற்கேற்ற சொல்லும் முன்னரே வரையறுக்கப்பட்ட நீண்ட சரணங்களால் ஆயது. பாடுவார் தம் கற்பனையைச் சேர்ப்பதற்கு அதில் இடம் மிகக் குறைவு. ஆகவே பெரும்புலவரும் தொடக்க நிலை மாணவரும் அங்கே ஒரே வரியை ஒரே காலத்தில் பாடுகின்றனர். யார் முதலில் பாடுவது என்னும் வினாவே எழுவதில்லை. பக்க இசைக்குரியோர் யார் என்னும் வினாவும் இல்லை. வயலினும் வீணையும் குழலும் மிருதங்கமும் பலவாக ஒருங்கிசைக்கின்றன. முப்பதாண்டுப் பூசலை உடன்படிக்கையால் மட்டும் தீர்த்துவிட இயலாது. ஒவ்வோராண்டும் அதனைச் செயலிற் காட்டுதற்கு ஒரு வடிவம் வேண்டும். அவ்வடிவம் இவ்வைந்து பாடல்களால் கிடைத்தது. விழாவறை காதை வகுத்த இடமும் பூசலின்மையும் திருவையாற்றில் எய்தியது இங்கேதான்.

இதனால் இழப்பொன்றும் நேர்ந்தது. தியாகராசர் பாடல்கள் மூன்று மரபுகளில் சிற்சில வேறுபாடுகளோடு வழங்கின. அவை பாடபேதங்களைப் போன்றவை. ஒவ்வொன்றும் ஒரு மாணாக்கர் கேட்டு உளங்கொண்டதைக் காட்டுவன. பலர் கூடிப் பாடுதற்கு ஒரே பாடம் வேண்டும். அப்பாடம் பொதுப்பாடம் ஆகும்பொழுது ஏனையவை மறைந்து போதல் இயல்பு. கூட்டுப் பாடலின் ஒற்றுமை அம்மரபுகளின் வேறுபாட்டை விலையாகப் பெற்றது எனலாம். அவ்விலை கொடுக்கத்தக்கதே என்பது நம் துணிபு. ஆயினும் கொடுத்தோம் என்பதை மறத்தல் தகாது. மரபுவழிப் பாடங்களைப் பதிவு செய்து காத்தல் இசையாராய்ச்சியாளரின் கடமையாகும்.

மொழி பற்றிய வழக்கு

இனி, தமிழுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டினை ஆராய்வோம். 1929-இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி நிறுவிய அண்ணாமலை செட்டியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. திருவையாற்றில் கட்சிகள் ஒன்றுபட்ட காலமும் தமிழிசை இயக்கம் எழுந்த காலமும் ஒன்றே என்பது கருதத்தக்கது. 1946-ஆம் ஆண்டு ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடினமை கண்டனத்திற்கு உள்ளாயிற்று. மேடையின் தூய்மை அதனால் கெட்டது என்னும் பொருள்படச் சொல்லப்பட்டதாக எழுந்த செய்தி நாடெங்கும் வழக்காடப்பட்டது.

இவ்வழக்கில் இரு வினாக்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒரு புலவரின் நினைவு நாளில் அவர் பாடல்களையே பாடுதல் முறையா என்பது ஒரு வினா. முறையே என்று விடையிறுப்பதில் நமக்குத் தடையில்லை. கம்பர் விழாவில் கம்பர் பாடலைப் பாடுதல் போன்றது அது. தியாகராசர் பாடல்களை நாவில் வைத்துக் காத்தோருள் மிகப் பலர் தமிழ்நாட்டு ஊர்களில் வாழ்ந்தோரே. அவர்கள் அயன்மொழிப் பாடலைத் தம் செல்வமாகப் போற்றியது இந்நாட்டிற்குப் பெருமை தருவதாகும். புகார் நகரத்து அவையில் வேற்றுமொழியாளர்க்கு இடமளித்த மரபினர் தெலுங்குப் பாடலுக்கு இடமளித்தலில் வியப்பில்லை.

வேறொரு மொழிப் பாடல் அம்மேடையைக் கெடுக்குமா என்பது மற்றொரு வினா. இதற்கு ஆம் என்பார் கூற்று எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று. முன்னது விழாவின் நோக்கம் பற்றியது; பின்னது மொழியின் தகுதி பற்றியது. நோக்கத்தைக் காப்போர் ‘இன்று இவர் பாடலைப் பாடுவோம்’ என்பர். தகுதியை மறுப்போரோ ‘அம்மொழி இங்கு ஒலிக்கலாகாது’ என்பர். திருநாவுக்கரசர் தமிழ் பாடிய ஊரில், தேவாரம் ஓதும் மரபில் வந்த ஒருவரை நோக்கி இரண்டாவது கூற்றினைக் கூறுதல் ஊரின் வரலாற்றையே மறுப்பதாகும். இதுவும் விழாவினின்றும் ஒன்றை விடுபடச் செய்யும் செயலே. பெண்களை விலக்கியதற்கும் இதற்கும் அடிப்படை வேறன்று. முன்னதற்கு ஒரு நாகரத்தினம்மாள் தோன்றினார். பின்னதனை ஒரு மேடையின் பூசலாக விட்டுவிடாமல், திருவையாற்றின் தேவாரப் பண் மரபும் ஆராதனையின் கீர்த்தனை மரபும் ஒன்றையொன்று மதித்து ஒரே ஊரில் வாழ வழி காண்பது அறிஞர் கடன்.

ஊரார்க்கு உரிய பங்கு

இறுதியாக நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஊரைப் பற்றியது. ஆராதனை நாட்காலையில், தியாகராசர் வாழ்ந்த திருமஞ்சன வீதி இல்லத்தினின்றும் உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே சமாதியை நோக்கிச் செல்கின்றது. அவர் வீடுதோறும் பாடி அரிசி பெற்று வாழ்ந்த வாழ்க்கையின் நினைவு அது. விழா முழுமையிலும் ஊரின் தெருவும் ஊராரின் வாயிலும் இடம்பெறும் பகுதி இதுவே. ஏனைய நிகழ்ச்சிகளில் பாடுவோர் பெரும்பாலும் வெளியூரார், ஊரார் கேட்போர். ஏழூர் விழாவில் விருந்தோம்பும் தலைவராயிருக்கும் அதே மக்கள் ஈண்டுப் பந்தலின் ஓரத்தே நிற்கின்றனர். விழாவறை காதையின் முதற்கூறாகிய தொழில் வகுத்தல் திருவையாற்றில் இன்னும் முற்றுப்பெறவில்லை என்று கூறுதல் மிகையாகாது. 1965-இல் அவ்வூரில் அரசினர் இசைக்கல்லூரி நிறுவப்பட்டது இக்குறையை ஒருவாறு நீக்கும் வழியாயிற்று. இசை ஐந்து நாள் வந்து போவதாக இல்லாமல், ஆண்டு முழுதும் அவ்வூரில் கற்கப்படுவதாயிற்று. விழாவின் பயன் ஊரில் தங்குதற்கு இத்தகைய நிலையங்களே துணையாவன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், திருவையாற்று விழா தொடக்கத்திலேயே மக்கள் விழாவாக அமைந்தது என்பார் கூற்றும், அஃது என்றும் ஒரு குழுவினரின் விழாவே என்பார் கூற்றும் முழு உண்மையாகா என்பது பெறப்படும். மாணாக்கர் சிலரின் வழிபாடாகத் தொடங்கி, இடத்திற்கும் முதன்மைக்குமாகப் பிரிந்து, விலக்கப்பட்ட ஒரு பெண்ணின் உறுதியால் விரிந்து, எல்லாரும் ஒருங்கு பாடுதற்குரிய ஒரு வடிவத்தைக் கண்டு, அதனால் விழாவாகிய வரலாறு அது. மொழி பற்றியும் ஊரார் பங்கு பற்றியும் அவ்விரிவு மேலும் தொடர வேண்டியுள்ளது.

இவ்வடிவம் திருவையாற்றோடு நில்லாது பிற ஊர்களிலும் பரவியுள்ளது. கடல் கடந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978-இல் தொடங்கிய தியாகராசர் விழா அதற்குச் சான்று. தம் ஊரில் ஓர் இசைவிழாவைத் தொடங்க விழைவார் இன்றும் பலர் உளர். அவர்கள் பெரும்பாலும் முதற்கண் தேடுவது பெயர்பெற்ற பாடகரையும் பொருளுதவியையுமே. அவை வேண்டுவனவே. ஆயினும் அவற்றினும் முன்னர்த் தீர்க்க வேண்டியன சில உள. ஊராருள் யார் யார்க்கு எத்தொழில் என்பதை வகுத்தல் வேண்டும். மேடையில் இடம் பெறுவோரை அறுதியிடுமுன், இடம் பெறாது போவார் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அனைவரும் ஒருங்கு பாடத்தக்க சில பாடல்களையேனும் தேர்ந்து, முன்னரே பயிற்றுதல் வேண்டும். விழா நிகழுமிடம் ஒருவர் விருப்பத்தால் மாறாத வண்ணம் அறநிலையாக அமைதல் வேண்டும். நாகரத்தினம்மாள் நிலத்தையும் கோயிலையும் முதலில் நிலைநிறுத்திய பின்னரே உரிமைக்கு வழக்காடினார் என்பது இங்கு நினையத்தக்கது. 1952-இல் மறைந்த அவர் தம் உடைமையையும் அப்பணிக்கே விட்டுச் சென்றார்; அவர்தம் நினைவிடம் இன்றும் தியாகராசர் சமாதியை நோக்கி அமைந்துள்ளது.

விழாவைத் தோற்றுவித்த செம்பியனைச் சாத்தனார் சில அடிகளில் கூறி அமைந்தார். விழாவை மறந்த நெடுமுடிக்கிள்ளியின் காலத்தில் புகார் கடல்கொள்ளப்பட்டதைக் காப்பியத்தின் திருப்பமாகவே வைத்தார். தொடங்கியவரினும் மறவாது காப்போரே விழாவிற்கு உரியர் என்பது அவர் உள்ளக்கிடக்கை. திருவையாற்றில் விழாவைக் காத்தோருள், முதலில் அதனுள் இடம்பெறாதோரும் இருந்தனர். இனி ஊர்தோறும் எழும் இசைவிழாக்கள் அத்தகையோர்க்குத் தொடக்கத்திலேயே இடம் வகுத்தல் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியால் நாம் கண்ட முடிவாகும்.